பிரேக் மாஸ்டரும் குடை மறைவுக் குரலும்

பிரேக் மாஸ்டருக்கு எரிச்சல் வரப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. "லெஃப்ட்ல திருப்புங்க" என்றால், ஒரு நொடி தன் இரண்டு கைகளையும் பார்த்து யோசித்துவிட்டு வலது பக்கம் திருப்புகிறவர்களோடு காலை முதல் மாலை வரை ஒரே காருக்குள் அடைந்து கிடக்கிற மனிதர் அவர். டிரைவிங் ஸ்கூலின் அந்தப் பழைய வெள்ளைக் காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் மிதிக்க மறந்ததையெல்லாம் அவர் மிதிப்பார். மிதித்து மிதித்து, தெருவில் நடக்கும்போதுகூட வலது காலை அழுத்தி ஊன்றித்தான் நடப்பார். "நிறுத்து நிறுத்து நிறுத்து!" என்று அவர் மூச்சுவிடாமல் மூன்று முறை கத்துவது அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த சத்தம். அந்தக் கார் போகும் வழியில் நாய்கள்கூட அதைக் கேட்டு ஓரமாக ஒதுங்கும்.

அவர் தொழிலில் யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு தொல்லை இருந்தது. ஸ்டீயரிங்கைப் பிடித்ததும் மனிதர்கள் மனதில் இருப்பதைக் கொட்டிவிடுவார்கள். பேசும்போது முகம் பார்க்க வேண்டியதில்லை, கண் சாலையில் இருக்கும். போதாததற்கு உயிர்ப்பயம் வேறு. பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும், சிலருக்கு வாய் திறந்துகொள்ளும். ஒரு பல் டாக்டர், ரவுண்டானாவிலிருந்து வெளியே வரத் தெரியாமல் சுற்றிக்கொண்டே இருந்தபோது திடீரென்று சொன்னார்:

"மாஸ்டர், எனக்கு ஊசின்னாலே மயக்கம் வந்துடும். என் கடவாய்ப் பல்லு சொத்தையாகி எவ்வளவு நாளாச்சு தெரியுமா? இன்னும் யார்கிட்டயும் காட்டல."

"டாக்டர், முதல்ல இண்டிகேட்டரைப் போடுங்க" என்றார் மாஸ்டர்.

ஜிம் நடத்துகிறவர் ஒருவர், தன் சுவரில் 'முன்பு', 'பின்பு' என்று மாட்டியிருந்த இரண்டு படங்களில் 'முன்பு' படத்தில் தொப்பையோடு நிற்பது தன் தம்பி என்று ஒப்புக்கொண்டார். மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் ஒரு விஷயத்தில் அவருக்குத் தன்மேல் பெருமை உண்டு. காரில் கேட்டதை அவர் இதுவரை ஒரு ஆளிடமும் சொன்னதில்லை. டீக்கடையில் நிற்கும்போது யாராவது வாயைப் பிடுங்கினாலும், "என் வேலை காலைப் பார்க்கிறது, வாயைப் பார்க்கிறது இல்ல" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்.

அப்படியிருந்தபோதுதான் அந்தக் குடை வந்தது.

செல்போனில் ஒரு சேனல். பெயர் 'குடை மறைவு'. கடைகளில் விளக்குப் போடுகிற நேரத்துக்கு நேரலை தொடங்கும். திரை முழுக்க விரித்த கறுப்புக் குடை ஒன்று தெரியும். அதற்குப் பின்னால் யாரோ உட்கார்ந்து பேசுவார்கள். தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் மாற்றப்பட்ட குரல். ஆணா பெண்ணா என்று கண்டுபிடிக்க முடியாது. பேர் ஊர் எதுவும் சொல்வதில்லை. "ஊர்ல இருக்கிற எல்லாரையும் வாயைத் திறக்கச் சொல்றது ஒருத்தரோட தொழில். அவர் வாயை மட்டும் யாருக்கும் திறந்து காட்ட மாட்டார். ஏன் தெரியுமா?" என்று அந்தக் குரல் ஆரம்பித்த அன்று, கதை முடிவதற்குள் யாரோ ஒரு புண்ணியவான் கீழே அந்தப் பல் கிளினிக்கின் பெயரைத் தட்டிவிட்டான். சிவப்பு இதயங்கள் கொத்துக் கொத்தாகத் திரையில் பறந்தன. மறுநாள் டாக்டரிடம் வந்த நோயாளிகள் நாற்காலியில் சாய்ந்துகொண்டே, "நீங்க முதல்ல காட்டுங்க டாக்டர்" என்று கேலி செய்தார்கள்.

அடுத்த வாரம் ஜிம்காரரின் தம்பி கதை வந்தது. டாக்டரும் ஜிம்காரரும் எங்கோ சந்தித்து, தங்கள் இருவருக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று யோசித்திருக்கிறார்கள். இருந்தது ஒன்றே ஒன்றுதான். அந்த வெள்ளைக் கார்.

"மாஸ்டர், உண்மையைச் சொல்லிடுங்க" என்றார் ஸ்கூல் முதலாளி. "குடைக்குப் பின்னால நீங்கதானா?"

"ஐயா, அந்த நேரத்துக்கு நான் சாயங்கால வகுப்புல, உங்க காருக்குள்ள உட்கார்ந்து கத்திக்கிட்டு இருக்கேன். குடையை எங்க விரிக்கிறது? டேஷ்போர்டுலயா?"

"அப்போ வேற யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்க."

"சத்தியமா யார்கிட்டயும் சொல்லல."

இந்தச் சத்தியத்தை அந்த மாதம் முழுக்க அவர் போகிற இடமெல்லாம் செய்ய வேண்டியிருந்தது. காருக்குள் பிழைப்பே நாறிப்போனது. சிலர் உதட்டை இறுக்கிக்கொண்டு ஓட்டினார்கள். முன்னால் மாடு நின்றால்கூட "மாடு" என்று சொல்லப் பயந்தார்கள். வேறு சிலர் கற்றுக்கொள்ளவே வரவில்லை, நோண்டிப் பார்க்க வந்தார்கள். "டாக்டர் மாதிரி இன்னும் வேற யாரு மாஸ்டர் மாட்டுவாங்க?" என்று கண்ணடித்தார்கள். இரும்புச் சாமான் கடைக்காரர் ஒருவர் ஒரு படி மேலே போனார்.

"எதிர்க்கடைக்காரனைப் பத்தி ஒரு விஷயம் இருக்கு. குடையில போட்டுடுறீங்களா?"

மாஸ்டர் நடுரோட்டில் பிரேக்கை மிதித்தார். "இறங்குங்க."

"மாஸ்டர், இன்னும் வகுப்பு முடியலியே..."

"இறங்குங்கன்னு சொன்னேன்!"

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சொல்லிப் புலம்புவார். அவர் மனைவி வீட்டிலேயே திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறவள். உள்ளறையில் தையல் மிஷினும் துணிக்குவியலுமாக நாள் போகும். காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்டபடி வேலை செய்வது பழக்கம். சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போதும் ஒரு காதில் அது தொங்கிக்கொண்டிருக்கும். அவர் பேசப் பேச "ம்" என்பாள். அவள் கேட்கிறாளா, பாட்டுக்குத் தலையாட்டுகிறாளா என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவர் மெனக்கெட்டதில்லை.

"நீங்க இல்லன்னா இல்லன்னு விட்டுத் தொலைங்களேன்" என்றாள் அன்றைக்கு. "ஊர் பேசிட்டு ஓய்ஞ்சுடும்."

"எப்படி விடச் சொல்றே? என் பிழைப்பே போகுது!"

யோசித்து யோசித்து அவருக்கு ஒரு பொறி தட்டியது. காரின் முன்கண்ணாடியில் முதலாளி ஒரு கேமரா ஒட்ட வைத்திருந்தார். ஒட்டிக்கொடுத்தது வேறு யாருமில்லை, மனைவியின் தம்பி. முப்பது வயதாகியும் அக்கா வீட்டில்தான் ஜாகை. கடைத்தெருவில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். மாஸ்டர் கேமராவைப் பசையோடு பிய்த்து எடுத்துக்கொண்டு நேராக அவன் கடைக்குப் போனார்.

"மாப்பிள்ளை, இதுல மைக் இருக்கா இல்லையா?"

"இருக்கு மாமா."

"அப்படின்னா உள்ள பேசுறதெல்லாம் பதிவாகுதா? அதை நீ எடுத்துக் கேட்கிறியா? கடை மேஜைக்கு அடியில ஒரு குடை கிடக்கே, அது யாருது?"

மச்சான் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "மாமா, அது மழைக்கு வச்சிருக்கிற குடை. அதுல ரெண்டு கம்பி ஒடிஞ்சிருக்கு. இந்தக் கேமராவுல மெமரி கார்டே கிடையாது. முதலாளி கார்டு விலையைக் கேட்டுட்டு, வேணாம், சும்மா ஒட்டி வை, பார்க்கிறவங்க பயப்படட்டும்னுட்டார். நீங்க இவ்வளவு நாளா ஒரு பொம்மையைப் பார்த்து முடி சீவிக்கிட்டு இருந்திருக்கீங்க."

இப்படியாக, கையில் இருந்த ஒரே துப்பும் போயிற்று. மச்சானைச் சந்தேகப்பட்டதற்காக அவன் அக்காவிடம் திட்டு வாங்கியதுதான் மிச்சம்.

அந்தச் சமயத்தில் அவரிடம் புதிதாகக் கற்றுக்கொள்ள வந்திருந்தவர் மருந்துக்கடையில் வேலை பார்த்தவர். ஒல்லியான, அடக்கமான மனிதர். சட்டையை இன் பண்ணி, மதியச் சாப்பாட்டோடு காலையிலேயே வந்துவிடுவார். மேட்டில் காரை நிறுத்திக் கிளப்பப் பழகியபோது கார் இரண்டு முறை பின்னால் உருண்டது. மூன்றாவது முறை உருண்டதும் அவர் ஸ்டீயரிங்கில் கைவைத்தபடியே சொன்னார். கடை கைமாறிவிட்டது. புது முதலாளி தன் ஆளை வைத்துக்கொண்டார். மனைவிக்கு ஆபரேஷன் ஆகி இப்போதுதான் எழுந்து நடமாடுகிறாள். அவளிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. தினமும் வேலைக்குப் போவதுபோல் கிளம்பி வந்து, வகுப்பு முடிந்ததும் நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறார். லைசென்ஸ் கிடைத்தால் டாக்ஸி ஓட்டலாம், அதன்பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்கிறார். அன்று மாஸ்டர் அவரைத் திட்டவில்லை. "கிளட்சை மெதுவா விடுங்க சார், அது வரும்" என்று மட்டும் சொன்னார்.

நாலு நாள் கழித்து அந்த மனிதர் வகுப்பு இல்லாத நேரத்தில் ஸ்கூல் வாசலில் வந்து நின்றார். சட்டை கசங்கியிருந்தது.

"என் சம்சாரம் பார்த்துட்டா மாஸ்டர். பக்கத்து வீட்டு அம்மா போனைக் கொண்டுவந்து காட்டியிருக்காங்க."

"எதை?"

அவர் தன் செல்போனை நீட்டினார். கறுப்புக் குடை. தகரக் குரல். "ஒருத்தர் தினமும் வேலைக்குக் கிளம்புறார். எல்லாம் இருக்கு, வேலைதான் இல்ல. சாயங்காலம் வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி கார் கண்ணாடியைப் பார்த்து ஒத்திகை வேற பார்த்துக்கிறார். 'இன்னைக்குக் கடையில செம கூட்டம்மா! இருமல் மருந்து தீர்ந்தே போச்சு!'" கீழே சிரிப்புப் பொம்மைகள் உருண்டு உருண்டு ஓடின.

"சத்தியமா நான் யார்கிட்டயும்..." என்று தொடங்கினார் மாஸ்டர்.

"வேலை போனதை உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன். சரி, போகட்டும். ஆனா கண்ணாடியைப் பார்த்து ஒத்திகை பார்த்தேன்னு சொல்லியிருக்கே, நான் எப்போ மாஸ்டர் அப்படிப் பண்ணினேன்? உள்ளதைச் சொன்னாப் பத்தாதா? இல்லாததையும் சேர்த்தா என்னை அசிங்கப்படுத்தணும்?"

மறுத்துப் பேச மாஸ்டர் வாயைத் திறந்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அந்த மனிதர் கண்ணாடியைப் பார்த்து ஒத்திகை பார்க்கவே இல்லை. அது மாஸ்டர் இட்டுக்கட்டியது. நாலு நாளுக்கு முன்னால், சாப்பிடும்போது, மனைவியிடம். எப்போதும் "ம்" கொட்டுகிறவள் அன்று லேசாகச் சிரித்தாள் என்பதற்காக, இருமல் மருந்தையும் சேர்த்துவிட்டிருந்தார். உலகத்தில் அந்தக் கண்ணாடியும் இருமல் மருந்தும் இருந்தது அவர் சாப்பாட்டுத் தட்டுக்கு மேலே மட்டும்தான். பல் டாக்டர், ஜிம்காரரின் தம்பி, எல்லாம் அதே தட்டுக்கு மேலே பரிமாறப்பட்டவைதான் என்பது அப்புறம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. யாரிடமும் சொல்லவில்லை என்று ஊர் முழுக்க அடித்த சத்தியத்தை அவர் மனதார நம்பித்தான் அடித்தார். வீட்டில் சொன்னதையெல்லாம் எவன் சொன்னதாகக் கணக்கில் வைத்துக்கொள்கிறான்?

அன்று சாயங்கால வகுப்பை ரத்து செய்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். வாசல் கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. உள்ளறையில் பேச்சுச் சத்தம் கேட்டது. கதவிடுக்கில் பார்த்தார். தைத்து முடித்த திரைச்சீலை ஒன்று சுவரில் தொங்கியது. மேஜையில் செல்போன், அதன் முன்னால் விரித்த குடை, குடைக்குப் பின்னால் அவர் மனைவி. முதுகு மட்டும் தெரிந்தது. தகரக் குரலாக ஊரைச் சுற்றி வந்தது இங்கே அவளுடைய சொந்தக் குரலாகக் கேட்டது. அவள் கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள், இடையில் நிறுத்தி ஆவலைக் கிளப்பினாள், தானே ரசித்துச் சிரித்தாள். இத்தனை வருஷத்தில் அவள் தொடர்ந்து இவ்வளவு நேரம் பேசி அவர் கேட்டதில்லை. யாரோ கேள்வி அனுப்பியிருக்க வேண்டும்; அவள் குனிந்து படித்துவிட்டு, "வீட்லயா? வீட்ல நான் பேசுறது இல்லப்பா. கேட்கிறதோட சரி" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னைக்கு ஒரு இரும்புக் கடைக்காரர் கதை சொல்லப்போறேன்" என்றாள்.

அவ்வளவுதான். மாஸ்டருக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"நிறுத்து நிறுத்து நிறுத்து!"

குடை சரிந்தது. அவள் பாய்ந்து போனை அணைத்தாள். ஆனால் அதற்குள் ஊருக்குக் கேட்டுவிட்டது. குரலை மாற்றலாம், அந்த மூன்று நிறுத்தை எப்படி மாற்றுவது? அவரிடம் கற்றுக்கொண்ட அத்தனை பேரும் அதை உடனே அடையாளம் கண்டார்கள். குடைக்குப் பின்னால் இருப்பது பிரேக் மாஸ்டரேதான் என்று கடைத்தெரு தீர்ப்பு எழுதிவிட்டது.

"நீயா?" என்றார் மாஸ்டர்.

"ஆமா."

"ஏன்?"

"நீங்க சொல்ற கதையெல்லாம் நல்லா இருந்துச்சு."

இதைவிட எரிச்சலூட்டும் பதிலை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை. "நல்லா இருந்தா? அதுக்கு?"

"அதுக்கு என்ன பண்ணச் சொல்றீங்க? தினமும் வந்து கொட்டுறீங்க. நான் ஒரு வார்த்தை பேச வாயெடுத்தா, 'கொஞ்சம் இரு'ன்னு கையைக் காட்டுறீங்க. எனக்குப் பேச ஆள் வேணும்ல? அங்க என்னை யாரும் கையைக் காட்டி நிறுத்தல."

"அதுக்காக அடுத்தவன் வயித்தெரிச்சலைக் கொட்டிக்கணுமா?"

"நான் யார் பேரையாவது சொன்னேனா?"

"பேரு வேற சொல்லணுமா? அந்த மருந்துக்கடைக்காரர் இன்னைக்கு வந்து என் முன்னால நின்னார். அந்த முகத்தை நீ பார்க்கல. அவர் சம்சாரம் பக்கத்து வீட்டுப் போன்ல பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டாங்களாம்."

அவள் குனிந்தாள். தரையில் கிடந்த குடையை எடுத்து மடக்கினாள். "அவர் கண்ணாடியைப் பார்த்துப் பேசினதையும் நான் சொல்லியிருக்கக் கூடாது. அதுதான் எல்லாருக்கும் சிரிப்பா போயிடுச்சு" என்றாள்.

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "அது அவர் பண்ணல. நான் சும்மா சேர்த்தது."

"என்னது?"

"சுவாரஸ்யமா இருக்கட்டும்னு..."

"நீங்க சேர்த்ததா?" இப்போது அவள் முறை. "நான் அதை நிஜம்னு நம்பியில்ல ஊருக்கெல்லாம் சொல்லி வச்சிருக்கேன்! பொய்யைச் சேர்த்து எனக்கும் ஊட்டிவிட்டு, இப்போ என்னை வந்து நிறுத்து நிறுத்துன்னா?"

இருவரும் ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுந்து, சமைத்தது ஆறிப்போய், கடைசியில் மச்சான் மட்டும் சாப்பிட்டான்.

மறுநாள் முதலாளி மேஜையைக் காட்டினார். "கார் சாவியை வச்சுட்டுப் போங்க மாஸ்டர். வேற எதுவும் பேச வேணாம்." பல் டாக்டர் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். குடைக்குப் பின்னால் இருந்தது நான் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாஸ்டர் தப்பித்திருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் தன் வாயிலிருந்து போனதுதான் அவள் வாய்க்குப் போயிற்று. அவளை மட்டும் எப்படித் தெருவில் நிறுத்துவது? சாவியை வைத்துவிட்டு வந்துவிட்டார். வீட்டில் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. மச்சான்தான் கடைத்தெருவில் கேள்விப்பட்டு அக்காவிடம் சொன்னான்.

அன்று விளக்குப் போடும் நேரத்துக்கு, யாரும் எதிர்பாராமல், சேனல் மறுபடி திறந்தது. குடை வழக்கம்போல் விரிந்திருந்தது. வழக்கத்தைவிட மூன்று மடங்கு கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு குடை மெல்லத் தாழ்ந்தது. தலைவாரிப் பின்னிய, கண்ணாடி போட்ட, தெருவில் எல்லோரும் பார்த்துப் பழகிய திரைச்சீலைக்காரம்மா.

"நான்தான்" என்றாள், மாற்றாத தன் குரலில். "என் வீட்டுக்காரர் என்னை நம்பி வீட்ல பேசினார். நான் அதை எடுத்து வெளியில பேசினேன். இதுல நான் சொன்ன எல்லாம் நிஜமும் இல்ல. கார் கண்ணாடியைப் பார்த்து யாரும் ஒத்திகை பார்க்கல. அந்த மனுஷன் வீட்டுக்காக ஓடினவர். அவரைப் பார்த்துச் சிரிச்சவங்க எல்லாரும், என்னையும் சேர்த்து, சிரிச்சிருக்கக் கூடாது." கீழே வந்து விழுந்த வசவுகளைத் தட்டு நிறைய அள்ளலாம் போலிருந்தது. அவள் எல்லாவற்றையும் படித்தாள். படித்து முடித்துவிட்டு சேனலையே அழித்தாள்.

இருவரும் மருந்துக்கடைக்காரர் வீட்டுக்குப் போனார்கள். அவர் வெளியே வரவில்லை. அவர் மனைவிதான் கதவைத் திறந்து, வாசற்படியிலேயே நிற்க வைத்துப் பேசினாள்.

"அவர் வேலை போனது எனக்கு முன்னாடியே தெரியும்" என்றாள். "மருந்து வாசனை இல்லாத சட்டையைத் துவைக்கிறவளுக்குத் தெரியாதா? அவரா சொல்லட்டும்னு காத்துக்கிட்டு இருந்தேன். அவர் சொல்றதுக்குள்ள நீங்க சொல்லிட்டீங்க."

"மன்னிச்சிடுங்கம்மா" என்றார் மாஸ்டர்.

"நீங்க மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடுவீங்க. அவர் தெருவுல தலை காட்டணுமே." கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

திரும்பி வரும்போது இருவருக்கும் சண்டை போடக்கூடத் தெம்பில்லை. பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தபோது மாஸ்டர், "நீ அந்தக் குடைக்குப் பின்னால பேசினது நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். "இப்போ அதைச் சொல்லி என்ன?" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முதலாளி அவரைத் திரும்பக் கூப்பிடவில்லை. வீட்டில் சொன்னாலும் சொன்னது சொன்னதுதானே என்றார். அதில் தப்புச் சொல்ல மாஸ்டரால் முடியவில்லை. ஒரு கம்பெனியின் ஊழியர் பஸ்ஸை ஓட்டும் வேலை கிடைத்தது. 'ஓட்டுநரிடம் பேசாதீர்கள்' என்று அவர் தலைக்குப் பின்னால் எழுதியிருக்கும். மருந்துக்கடைக்காரர் வேறொரு ஸ்கூலில் பழகி லைசென்ஸ் வாங்கி, டாக்ஸி ஓட்டுகிறார். சிக்னலில் பக்கத்தில் வந்து நின்றால் நேரே பார்த்துக்கொண்டிருப்பார். மாஸ்டரும் கூப்பிட்டதில்லை. பல் டாக்டர் மட்டும் வேறு வழியில்லாமல் நண்பர் ஒருவரிடம் போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டார் என்று கேள்வி.

சாப்பாட்டு நேரத்தில் இப்போது மாஸ்டர்தான் கேட்கிறார், "இன்னைக்கு என்ன தைச்சே?" என்று. அவள் சொல்ல ஆரம்பித்தால் துணியின் ஓரம் மடித்ததிலிருந்து நூல் அறுந்தது வரை ஒன்று விடாமல் சொல்கிறாள். பாதியில் அவருக்குக் கொட்டாவி வரும். அடக்கிக்கொள்கிறார். அடக்குவது அவளுக்குத் தெரிந்துவிடும். அதற்கு ஒரு வாக்குவாதம்.

அவளுக்குத் தைக்க வந்த வேலை கொஞ்ச நாள் நின்று போயிற்று. பிறகு முன்பைவிட அதிகமாக வந்தது. வேடிக்கை என்னவென்றால், திரைச்சீலைக்கு அளவு கொடுக்க வருகிற பெண்கள் உட்கார்ந்துகொண்டு, தங்கள் மாமியாரைப் பற்றியும் ஓரகத்தியைப் பற்றியும் தாமாகவே அவிழ்த்துவிடுகிறார்கள். சொல்லிவிட்டு ஆவலாக அவள் முகத்தைப் பார்க்கிறார்கள். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நிற்கிற அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஏங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்பாள். "ஜன்னல் எவ்வளவு அகலம், அதை மட்டும் சொல்லுங்க."